ஸ்ரார்ட் ஆகுது, உடன நூருது: கராஜ் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கேள்வியளப் பாத்தால் பாதிக்கு மேல ஒரே முறைப்பாடு, வாகனம் ஸ்ரார்ட் ஆகுது ஆனா நிண்டு பிடிக்குதில்லை. 2020 பங்குனியில இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டினவை, தனியார் வாகனத்துக்கு 2025 மாசியிலதான் திரும்பத் திறந்தது, திறந்தும் விலையக் கேட்டால் தலை சுத்துது, அதால இருவது வருசக் காரை இன்னும் பத்து வருசம் இழுப்பம் எண்டு எல்லாரும் முடிவெடுத்திட்டினம். சரி, இழுப்பம். அஞ்சு கேள்வி எடுத்திருக்கிறன். முதலாவதுக்கு நீட்டித்தான் எழுதுறன், மற்ற ஆக்களின்ர பதிலில கொஞ்சம் அதுக்குள்ளயே கிடக்குது.

கேள்வி: வணக்கம் ஐயா. என்னட்ட இருக்கிறது ரொயோட்டா கொறொல்லா 121, 2003 மொடல். ரெண்டு மாசமா விடிய ஸ்ரார்ட் பண்ணினால் ஒரு அடியில பிடிக்கும், நாலஞ்சு செக்கன் ஓடும், பேந்து நடுங்கி நூந்துபோகும். முந்தி எப்பவாச்சும் ஒருக்காத்தான், அதுவும் சந்தியில பிறேக் பிடிக்கேக்க. பற்றறி பழசு எண்டு சொல்லி மாத்தினம், மாத்தின அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் இதே கரைச்சல். பிளக் நாலும் மாத்தியாச்சு. திறப்பை ஓன் பண்ணப் பம்ப் சத்தம் வரேல்லை எண்டு சொல்லிப் பெற்றோல் பம்பும் மாத்தினம், 28,000 ரூபா. ஒரு மாத்தமும் இல்லை. அக்சிலேற்றரில காலை வைச்சுக்கொண்டே இருந்தால் நிக்காது, பள்ளிக்கூடம் போய்ச் சேந்திடுவன், ஆனா ஒவ்வொரு சந்தியிலயும் நெஞ்சு பதறுது. இப்ப காரின்ர கொம்பியூட்டரை மாத்தவேணுமாம். என்ன செய்யிறது? (ஆசிரியை ஒருவர், கோப்பாய்)

பதில்: ரீச்சர், முதல் வேலையா அந்தக் கொம்பியூட்டரை மாத்த விடாதேங்கோ. உங்கட கடிதத்திலயே வருத்தம் என்னெண்டு நீங்களே எழுதிப்போட்டியள், வாசிக்கத்தான் ஆளில்லாமல் போச்சு.

ஒரு பழைய கதை சொல்லுறன், அலுப்படிக்குதெண்டு நினைக்காதேங்கோ. 1990 ஆனியில திரும்பச் சண்டை துவங்கினாப்பிறகு பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வாறதே நிண்டுபோச்சு. நான் அப்ப சுன்னாகத்தில மாமாவின்ர கராஜில ஸ்பனர் எடுத்துக் குடுக்கிற பெடியன். ஒஸ்ரின், மொறிஸ் எண்டு எல்லாப் பழைய காரும் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள்ள ஆவியாகாது, அதால முதல்ல பெற்றோலில ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்சம் சூடாக்கவேணும், பேந்துதான் மண்ணெண்ணெய்க்கு விடவேணும். மருந்துப் போத்தலுக்குள்ள ரெண்டு மூண்டு மூடி பெற்றோல், ஒரு சேலைன் ரியூப், அதைக் கார்பரேற்றருக்குக் குடுத்திட்டு அடிச்சால் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் ஆராச்சும் வந்து நிப்பினம், "அண்ணை ஸ்ரார்ட் ஆகுது, உடன நூருது" எண்டு. மாமா பொனற்றைத் திறக்க மாட்டார். "அடி தம்பி" எண்டு சொல்லிப்போட்டு வாய்விட்டு எண்ணுவார், ஒண்டு, ரெண்டு, மூண்டு... பத்துப் பன்ரண்டில சத்தமில்லாமல் அடங்கினால் போத்தல் பெற்றோல் முடிஞ்சுது, மண்ணெண்ணெய் வந்து சேரேல்லை, ரியூப்பையோ பில்ரரையோ பார் எண்டுவார். வெள்ளைப் புகையோட இருமி இருமி நிண்டால் மண்ணெண்ணெய் வருது, எஞ்சின்தான் இன்னும் சூடாகேல்லை, அந்தரப்பட்டு விட்டிட்டாய் எண்டுவார். அவ்வளவுதான் பரிசோதனை. காரின்ர கொம்பியூட்டரை வாசிக்கிற ஸ்கானர் கிடையாது, லைற்றே கிடையாது, ஜாம் போத்தல் விளக்கில வேலை செய்த காலம்.

இண்டைக்கும் நான் அதைத்தான் செய்யிறன். கார் என்னத்தால நிக்குது எண்டு கேக்க முதல், எப்ப நிக்குது, எப்பிடி நிக்குது எண்டு பாக்கவேணும்.

திறப்பைத் திருப்பி ஸ்ரார்டர் அடிக்கேக்க பிடிச்சு, கை திறப்பை விட்ட அந்தக் கணமே நிக்குது எண்டால் எஞ்சினைத் தொடவே தேவையில்லை. ஸ்ரார்ட் நிலையில ஒரு பாதையால கரண்ட் போகும், ஓன் நிலையில வேற பாதையால போகும், அந்த ரெண்டாவது பாதை அறுந்து கிடக்குது. இக்னிஷன் சுவிச் தேஞ்சிருக்கலாம், பழைய காரில பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற இக்னிஷன் கொயிலுக்குப் போற கரண்டைக் குறைக்கிற பலாஸ்ற் றெசிஸ்ரர் எரிஞ்சிருக்கலாம், எண்பதுகளின்ர ரொயோட்டாவில பெற்றோல் பம்புக்குக் கரண்ட் விடுற றிலே படுத்திருக்கலாம். திறப்பை விட்டாப்பிறகும் ஓடி, ஒண்டு ரெண்டு செக்கனில ஆரோ சுவிச்சை அமத்தின மாதிரி ஒரே அடியா நிக்குது, மிதிச்சாலும் நிக்குது, பத்துத்தரம் அடிச்சால் பத்துத்தரமும் அதே ரெண்டு செக்கன் எண்டால் அது இம்மொபிலைசர், சரியான திறப்பெண்டு தெரியாட்டில் எஞ்சினை ஓட விடாத களவுத் தடுப்பு. டாஷ்போட்டில திறப்புப் படம் போட்ட லைற் மினுங்கும். மற்றத் திறப்பை எடுத்து அடிச்சுப் பாருங்கோ, ஒரே வளையத்தில வேற காரின்ர திறப்பும் சேந்து தொங்கினால் அதைக் கழட்டிப்போட்டு அடிச்சுப் பாருங்கோ. இதுக்கு ஒரு சதமும் போகாது.

உங்கடது ரெண்டும் இல்லை. நாலஞ்சு செக்கன் ஓடி, நடுங்கி நிக்குது, மிதிச்சால் நிக்குதில்லை. பெற்றோல் பத்தாமல் நிக்கிற கார் மிதிச்சால் இன்னும் கெதியாத்தான் சாகும், ஏனெண்டால் மிதிக்க மிதிக்கக் கூடப் பெற்றோல் கேக்கும். உங்கட கார் மிதிச்சால் பிழைக்குது. அப்ப பெற்றோல் இருக்குது, நெருப்பும் இருக்குது, ஸ்லோவில, அதாவது கால் வைக்காமல் சும்மா ஓடுறதுக்குக் காத்துத்தான் பத்தேல்லை. கால் வைச்சால் திறொட்டில் தட்டுத் திறந்து காத்து வருது, கால் எடுத்தால் தட்டு மூடுது, காத்து நிண்டுபோகுது.

கால் எடுத்தால் எல்லாக் காரும் நிக்கோணுமே எண்டு கேப்பியள். நிக்காமல் இருக்கிறதுக்கு அந்தத் தட்டைச் சுத்தி ஒரு நூல் இடைவெளியும், பக்கத்தால காத்து விடுற ஒரு சின்ன வால்வும் இருக்குது. எஞ்சினுக்குள்ள இருந்து திரும்பி வாற எண்ணெய்ப் புகை வருசக்கணக்காத் தட்டின்ர ஓரத்திலயும் வால்வின்ர வாயிலயும் படிஞ்சு கரியாப் போகும். சோறு அடிப்பிடிச்ச பானையின்ர அடிமாதிரி, நகத்தால சுரண்டினால் ஒட்டும். வழி ஒடுங்க ஒடுங்கக் கொம்பியூட்டர் என்ன செய்யுமெண்டால், வால்வை இன்னும் கொஞ்சம் திற, இன்னும் கொஞ்சம் திற எண்டு தானாச் சமாளிச்சு, அந்தக் கணக்கை ஞாபகத்தில வைச்சிருக்கும். இப்பிடி இருவது வருசம் சமாளிச்ச கணக்கு அது. நீங்கள் பற்றறியக் கழட்டின உடன அந்த ஞாபகம் அழிஞ்சுபோச்சு! புதுக்கார் எண்டு நினைச்சுக்கொண்டு பழைய அளவில திறக்குது, கரி பிடிச்ச ஓட்டையால காத்துப் போகுதில்லை. ஸ்ரார்ட் ஆன முதல் நாலஞ்சு செக்கன் காத்தும் பெற்றோலும் கொஞ்சம் கூட்டித்தான் விடும், அதால பிடிக்குது, பேந்து குறைக்கேக்க விழுது. பற்றறி மாத்தின அண்டையில இருந்து எண்டு எழுதினியளே, அந்த ஒரு வரி போதும் எனக்கு.

உங்கட 28,000 ரூபாவுக்கும் ஒரு வார்த்தை. கனக்க ரொயோட்டாவில திறப்பை ஓன் பண்ணினால் பம்ப் சத்தம் வராது, ஸ்ரார்டர் அடிக்கேக்கதான் பம்ப் ஓடத்துவங்கும். மற்றக் கொம்பனிக் கார்களில ரெண்டு செக்கன் "ம்ம்ம்" எண்டு கேக்கும், அதைப் பழகின ஆக்கள் ரொயோட்டாவில சத்தம் வரேல்லை எண்டு நல்ல பம்பைக் கழட்டி எறியினம். பம்பில சந்தேகமெண்டால் பெற்றோலின்ர அமுக்கத்தைக் கேஜ் போட்டுப் பாக்கவேணும், உங்கட எஞ்சினுக்கு 44 இல இருந்து 50 பிஎஸ்ஐக்குள்ள நிக்கோணும். கழட்டின பழைய பம்பை வாங்கி வைச்சிருக்கிறியளோ தெரியாது, இருந்தால் எறியாதேங்கோ, அது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும்.

இனி வேலை. எஞ்சின் ஆறினாப்பிறகு எயார் பில்ரரில இருந்து வாற பெரிய றப்பர் ஹோஸைக் கழட்டினால் திறொட்டில் தட்டு கண்ணுக்குத் தெரியும். திறொட்டில் கிளீனர் எண்டு ரின்னில விக்குது, அதைப் பழைய பெனியன் துணியில அடிச்சுத் தட்டின்ர ஓரம், பின்பக்கம், சுத்திவர எல்லாம் துடையுங்கோ. கேபிளில இழுக்கிற தட்டெண்டால் ஒராள் மெல்லமாத் திறந்து பிடிக்கலாம், மோட்டரில திறக்கிற புது மொடலெண்டால் விரலால தள்ளக்கூடாது, உள்ளுக்குக் கியர்ப் பல்லு உடையும். துணி தாருமாதிரிக் கறுத்து வரும். வால்வின்ர வாய்க்கும் கொஞ்சம் அடிச்சு ஊற விடுங்கோ. கனக்கக் கரியெண்டால் முழுசாக் கழட்டித்தான் செய்யவேணும், அதுக்குள்ளால சுடுதண்ணி ஹோஸும் ஓடுது, அதால அது கராஜ் வேலை, வீட்டில தொடாதேங்கோ. ஹோஸைத் திரும்பப் பூட்டிப்போட்டு ஸ்ரார்ட் பண்ணினால் முதல்ல கொஞ்சம் இருமும், ஸ்லோ கூடிக் குறையும், பயப்படாதேங்கோ. ஏசி போடாமல், அக்சிலேற்றரைத் தொடாமல் பத்து நிமிசம் சும்மா ஓட விடுங்கோ, பேந்து ஏசி போட்டு அஞ்சு நிமிசம். புதுக்கணக்கை அது தானாப் படிச்சுக்கொள்ளும்.

அதுக்கும் நிக்குதெண்டால் ரெண்டு இடம் பாக்கலாம். தட்டுக்குப் பின்னால எஞ்சின் பக்கம் இருக்கிற மெல்லிய றப்பர் ஹோஸுகள், எங்கட வெக்கைக்கு அப்பளம்மாதிரி வெடிச்சிருக்கும், "ஸ்ஸ்" எண்டு பாம்பு மூச்சு விடுற சத்தம் கேக்கும். அந்த வெடிப்பால கணக்கில வராத காத்து உள்ள போகும். சில பேர் கிளீனரை அடிச்சுக்கொண்டு போய் எஞ்சின் சத்தம் மாறுதோ பாப்பினம், சைலன்சர் சூடா இருக்கேக்க அது நெருப்புப் பிடிக்கிற விளையாட்டு, தண்ணியத் தெளிச்சுப் பாத்தாலே காணும். மற்றது காத்தின்ர அளவு பாக்கிற சென்சர், எயார் பில்ரர் பெட்டிக்குப் பக்கத்தில இருக்கும். அதின்ர சொக்கற்றைக் கழட்டிப்போட்டு ஸ்ரார்ட் பண்ணுங்கோ. கழட்டினாப்பிறகு கார் நிண்டு பிடிச்சால் சென்சர் பொய் சொல்லுது, கொம்பியூட்டர் அதைக் கேளாமல் தன்ர கணக்கில ஓட்டுது எண்டு அர்த்தம். அதைக் கழுவ வேற கிளீனர் இருக்குது, திறொட்டில் கிளீனரை அதுக்கு அடிச்சால் அந்த நூல்க்கம்பி போயிடும்.

ஸ்கானர் போட்டவையெண்டால் என்ன நம்பர் வந்தது எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. பி0505 எண்டால் ஸ்லோ சம்பந்தம், பி0171 எண்டால் காத்துக் கூடிப் பெற்றோல் குறைஞ்சு எரியுது. நம்பர் ஒண்டும் சொல்லாமல் கொம்பியூட்டர் பழுது எண்டுறவையிட்டக் காரை விட்டிட்டு வராதேங்கோ.

கேள்வி: அண்ணை, நான் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்துற டொல்பின் வான் ஓடுறன், டீசல். விடிய ஆறு மணிக்கு அடிச்சால் உடன ஸ்ரார்ட். கேற்றைத் திறக்கிறதுக்குள்ள நூந்துபோகும். பேந்து ஸ்ரார்டரை உயிர்போக அடிக்கவேணும். ஒருக்காப் பிடிச்சால் பின்னேரம் மட்டும் ஒரு குறையும் இல்லை. டீசல் பில்ரர் ரெண்டுதரம் மாத்திட்டன். ஒழுக்கும் இல்லை. பம்பைக் கழட்டிக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லினம். (வான் சாரதி, வேலணை)

பதில்: தம்பி, பம்பை அனுப்பாதையும். அனுப்பினால் கிழமைக்கணக்கில வான் கல்லில நிக்கும், பிள்ளையளின்ர தாய்மார் வேற வான் பிடிச்சிடுவினம், பம்ப் திரும்பி வந்து பூட்டினாலும் அதே வருத்தம் அங்கயே இருக்கும்.

இரவு முழுக்க நிண்ட வானில எங்கயோ ஒரு மயிரளவு வழியால காத்து உள்ள போகுது, டீசல் பின்னால தாங்கிக்கு இறங்கிப்போகுது. பம்புக்குள்ள மிஞ்சிக் கிடக்கிற டீசலில ஸ்ரார்ட் ஆகுது, அது முடியக் காத்து வருது, எஞ்சின் நூருது. ஒழுக்கில்லை எண்டு எழுதியிருக்கிறீர், அதுதான் எல்லாரையும் ஏமாத்துற இடம். தாங்கியில இருந்து பம்பு வரைக்கும் டீசலை உறிஞ்சித்தான் எடுக்குது, தள்ளிறேல்லை. உறிஞ்சிற குழாயில வெடிப்பு இருந்தால் டீசல் வெளிய வராது, காத்துத்தான் உள்ள போகும். நிலம் காஞ்சே கிடக்கும்.

நாளைக்கு விடிய ஸ்ரார்ட் பண்ண முதல், டீசல் பில்ரருக்கு மேல இருக்கிற கைப்பம்பை அமத்திப் பாரும். கல்லுமாதிரி இருந்தால் வேற கதை. பொத்துப் பொத்தெண்டு இறங்கினால் காத்து இருக்குது. கை இறுகும் மட்டும் அமத்திப்போட்டு ஸ்ரார்ட் பண்ணும். நூராமல் ஓடினால் வருத்தம் பிடிபட்டுது. பேந்து, பில்ரரில இருந்து பம்புக்குப் போற றப்பர் குழாயைக் கழட்டி, கண்ணாடிமாதிரித் தெரியிற பிளாஸ்ரிக் குழாய் ஒரு முழம் வேண்டிப் போட்டுப்போட்டு ஓடவிட்டுப் பாரும். முட்டை முட்டையாக் காத்து ஓடும், மீன்தொட்டிமாதிரி. காத்து வருதெண்டால் இனி அது எவ்விடத்தால எண்டுதான் தேடவேணும்: தாங்கியில இருந்து வாற இரும்புக் குழாயும் றப்பரும் சேருற மூட்டுகள், கைப்பம்பின்ர அடி, பில்ரர் வாசர், எஞ்சினில இருந்து தாங்கிக்குத் திரும்பிப்போற மெல்லிய குழாய். வேலணை தீவெண்டபடியால் நான் முதல்ல பாக்கிறது வானுக்குக் கீழ ஓடுற இரும்புக் குழாயைத்தான். உப்புக்காத்து அதைக் கிளிப்புக்குள்ள மறைஞ்சிருந்து தின்னும், வெளியால பெயின்ற் நல்லாத் தெரியும், கிளிப்பைக் கழட்டினால் மாவாக் கொட்டும்.

இன்னும் சந்தேகமெண்டால் அஞ்சு லீற்றர் கானில நல்ல டீசல் விட்டு அதை முன்சீற்றுக்குப் பக்கத்தில வைச்சு, பம்புக்கு நேரக் குழாய் குடும். ஒரு இரவு விட்டு விடிய அடியும். நூரேல்லை எண்டால் பம்பில ஒரு பிழையும் இல்லை, பின்னாலதான் வருத்தம். வழமையா இதுக்கு வானை இறக்கத்தில முன்பக்கம் பதிய நிப்பாட்டிப் பாக்கச் சொல்லுவினம், டீசல் பின்னால ஓடாதெண்டு. எங்கட தீவுப் பகுதியில எங்க இறக்கம் தேடுறது, பின்சில்லு ரெண்டையும் அரிகல்லில ஏத்தி நிப்பாட்டினால் அதே பலன்தான், முன்சில்லுக்குக் கட்டை வைக்க மறக்காதையும்.

மற்றது பில்ரருக்கு அடியில இருக்கிற ஆணியைத் தளத்தித் தண்ணி எடுத்துவிடும், மாரி துவங்கினால் கிழமைக்கு ஒருக்கா.

கேள்வி: மகன் அனுப்பின காசில வேண்டின யப்பான் வாகன்ஆர், 2014. சந்தியில நிக்கப்போகேக்கயே எஞ்சின் நூந்துபோகுது. பிறேக்கில இருந்து காலை எடுத்தால் தானா ஸ்ரார்ட் ஆகுது. வித்தவர் ஏமாத்திப்போட்டாரோ? (ஓய்வுபெற்ற தபால் அதிபர், நெல்லியடி)

பதில்: ஏமாத்தேல்லை ஐயா, அது காரின்ர குணம். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறதுக்காக மணிக்கு 13 கிலோமீற்றருக்குக் கீழ வேகம் இறங்கி நீங்கள் பிறேக்கில கால் வைச்சிருந்தால் அது தானா எஞ்சினை நிப்பாட்டும். பிடிக்கேல்லை எண்டால் டாஷ்போட்டில ஆங்கில ஏ எழுத்தைச் சுத்தி அம்புக்குறி போட்ட ஒரு பொத்தான் இருக்குது, அதை அமத்திவிடுங்கோ, ஒவ்வொருதரம் ஸ்ரார்ட் பண்ணேக்கயும் அமத்தவேணும். ஒரு நாள் இது நிக்காமலே ஓடத்துவங்கும், அப்பதான் நீங்கள் யோசிக்கவேணும், பற்றறி களைச்சுப்போச்சு எண்டு அர்த்தம். அதுக்கு இந்தமாதிரிக் காருக்கெண்டே வாற பற்றறிதான் போடவேணும், மலிவெண்டு சாதாரண பற்றறி போட்டால் கெதியாப் படுக்கும்.

கேள்வி: பெற்றோல் ஷெட்டில ஃபுல் ராங்க் அடிச்சிட்டு ஸ்ரார்ட் பண்ணினால் பிடிச்சுப்பிடிச்சு நூருது, பெற்றோல் மணம் வேற. ரெண்டு மூண்டுதரம் அடிச்சால் சரி. ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு அடிச்சால் இந்தப் பிரச்சினை இல்லை. தண்ணி கலந்த பெற்றோலோ? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: தண்ணியெண்டால் ஷெட்டை விட்டு வெளிய வந்தாப்பிறகும் கார் உதறிக்கொண்டே போகும், அண்டைக்கு அங்க அடிச்ச மற்ற வாகனமும் உதறும். சந்தேகமெண்டால் கொஞ்சத்தைக் கண்ணாடிப் போத்தலில எடுத்து ஒரு மணித்தியாலம் ஆடாமல் வையுங்கோ, தண்ணி அடியில கோடு பிரிச்சு நிக்கும். 2022 வரிசைக் காலத்தில கானுக்குள்ள பதுக்கின பெற்றோலை மாசக்கணக்கில வைச்சு ஊத்தின ஆக்களின்ர காரெல்லாம் இப்பிடிப் போத்தல் வைச்சுப் பாத்தனான், தண்ணி மட்டுமில்லை, துரு, எறும்பு, ஒருக்காப் பல்லிக்குட்டியும் கிடந்தது.

உங்கடது ஃபுல் அடிச்சால் மட்டும் எண்டபடியால் வேற. தாங்கியில கிளம்பிற பெற்றோல் ஆவியை வெளிய விடாமல் கரி நிரப்பின ஒரு பெட்டிக்குள்ள பிடிச்சு வைச்சு, எஞ்சின் ஓடேக்க ஒரு சின்ன மின்வால்வால அதை உறிஞ்சி எரிக்கிற ஏற்பாடு இருக்குது. அந்த வால்வு மூடாமல் திறந்தபடி இறுகினால், ஃபுல் அடிக்கேக்க தள்ளுப்பட்ட ஆவி முழுக்க எஞ்சினுக்குள்ள வந்து நிக்கும், ஸ்ரார்ட் பண்ண மூச்சு முட்டும். குளிர்ந்த எஞ்சின் ஸ்லோவில ஓடேக்க, வால்வுக்குக் கரிப்பெட்டியில இருந்து வாற குழாயைக் கழட்டி வால்வின்ர வாயில விரல் வையுங்கோ. விரலை இழுத்தால் வால்வு பழுது. சின்னச் சாமான், புதுசு போடுங்கோ. அதுவரைக்கும் ஃபுல் அடிச்ச நேரம் அக்சிலேற்றரை அரைவாசி மிதிச்சுக்கொண்டு ஸ்ரார்ட் பண்ணினால் பிடிக்கும். குழாய் டக்கெண்டு தானா நிண்டாப்பிறகு இன்னும் நூறு ரூபாவுக்கு அமத்தி விடச் சொல்லுற பழக்கத்தையும் விடுங்கோ, கரிப்பெட்டிக்குள்ள ஆவிக்குப் பதில் பெற்றோலே போகும்.

கேள்வி: அப்பாவின்ர மொறிஸ் மைனர். நல்லா ஸ்ரார்ட் ஆகும், பதினைஞ்சு இருவது நிமிசம் ஓடும், நிண்டிடும். கால் மணித்தியாலம் விட்டால் திரும்ப ஓடும். மானிப்பாயில இருந்து ரவுணுக்குப் போய் வாறதுக்குள்ள ரெண்டுதரம் நிக்குது. விக்கச் சொல்லி வீட்டில ஆக்கினை. (மானிப்பாய் வாசகர்)

பதில்: விக்காதேங்கோ. மொறிஸ் மைனர் மாதிரி நிண்ட இடத்தில இருந்துகொண்டே தன்ர வருத்தத்தைச் சொல்லுற கார் வேற இல்லை, காது குடுக்கவேணும் அவ்வளவுதான்.

நிண்ட உடன இறங்கிப்போய்ப் பெற்றோல் தாங்கி மூடியைத் திறவுங்கோ. "புஸ்" எண்டு காத்து உள்ள இழுபட்டால் மூடியில இருக்கிற ஊசி ஓட்டை அடைச்சுப்போச்சு. பெற்றோல் வெளிய போகப்போகக் காத்து உள்ள வரவேணும், வராட்டில் பம்ப் இழுக்க ஏலாமல் நிக்கும், கால் மணித்தியாலத்தில மெல்லமெல்லக் காத்துப் போய்ச் சேந்தால் திரும்ப ஓடும். ஒரு ஊசியால குத்திவிட்டால் வேலை முடிஞ்சுது.

புஸ் வரேல்லை எண்டால் திறப்பை ஓனில வைச்சுப் பம்பைக் கேளுங்கோ, பொனற்றுக்குள்ள பின்சுவரில இருக்கிற மின்பம்ப். நல்ல பம்ப் "டிக் டிக் டிக்" எண்டு அடிச்சு, கார்பரேற்றர் நிரம்ப ஓயும். ஓயாமல் கடகடவெண்டு அடிச்சால் பெற்றோல் வரேல்லை, காத்தை இழுக்குது. ஒரு சத்தமும் இல்லையெண்டால் உள்ளுக்கிருக்கிற பொயின்ற் ஒட்டிப்போச்சு, ஸ்குறூ டிறைவர் பிடியால மெல்லமா ஒரு தட்டுத் தட்டினால் அடிக்கத் துவங்கும், வீட்டை வந்து சேரலாம். வந்தாப்பிறகு பொயின்ற்றை எடுத்துத் தேச்சுப் போடுங்கோ, தட்டித்தட்டியே வருசம் ஓட்டின ஆக்களும் இருக்கினம், அது வேற.

பம்ப் வடிவா அடிச்சு ஓயுது, ஆனா எஞ்சின் பிடிக்குதில்லை எண்டால் நெருப்பில பிழை. ஒரு பிளக்கைக் கழட்டி வயரோட எஞ்சினில முட்டப் பிடிச்சு, பெற்றோல் மணம் ஒண்டும் பக்கத்தில இல்லாத இடமாப் பாத்து, ஒராளை அடிக்கச் சொல்லுங்கோ. நீலமா வெடிச்சால் நல்லது, மஞ்சளா மெலிஞ்சு வந்தால் அல்லது வராட்டில் நெருப்புக்கு உதவுற சின்னச் சாமானான கொண்டன்சரும் இக்னிஷன் கொயிலும்தான். சூடேறினால் படுத்து ஆறினால் எழும்பிறது ரெண்டுக்கும் உள்ள பழக்கம். கொண்டன்சர் மலிவு, முதல்ல அதை மாத்துங்கோ, இப்ப வாறதுகள் பழைய சாமான்மாதிரி உழைக்கிறேல்லை, அதால ரெண்டா வேண்டி ஒண்டை டாஷ்போட் தட்டில போட்டு வையுங்கோ. கழட்டின பழசு அப்பா காலத்து ஒரிஜினல் எண்டால் அதையும் எறியாதேங்கோ, எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ.